கிலோமீட்டரிலிருந்து மைலுக்குப் போன ஊர்

பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை புதுச்சேரியில் தூரத்துக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு. சுற்றியிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் மைல். புதுச்சேரியோ துண்டு துண்டாகக் கிடக்கிற ஊர். ஒரு கொம்யூனிலிருந்து (பிரெஞ்சு நிர்வாகப் பிரிவு) இன்னொன்றுக்குப் போவதற்குள் அந்த ஜில்லா குறுக்கே வந்துவிடும். 1954 நவம்பர் 1-இல் ஊர் இந்தியாவுக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வந்த முதல் அம்பாசடர் கார்களில் மீட்டர் முள் மைலில் ஓடியது. மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்தும் நாடு முழுக்க மாற சில வருடம் பிடித்தது. "ஊரெல்லாம் முன்னால போச்சு, நாம ரிவர்ஸ்ல போயிட்டு வந்தோம்" என்பார் அப்பா. கார் எலக்ட்ரிக் வேலையை அவரிடம்தான் கற்றேன்.

அந்தக் காலத்து வேக மீட்டரில் மின்சார வேலை எதுவும் கிடையாது. 1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். பக்கத்திலிருக்கும் அலுமினியக் கிண்ணம் தொடாமலேயே இழுபடும், மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். முள் நடுங்கினால் பெரும்பாலும் கேபிளில் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், மீட்டரைக் கழற்றவே வேண்டாம்.

இந்த ஊரில் ஓட்டுநர்கள் உண்மையிலேயே கவனிக்கிற முள் பெட்ரோல் முள்தான். இங்கே வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. கடலூர்க்காரரும் திண்டிவனத்துக்காரரும் டேங்கை வடியவிட்டு, முள்ளோடு சூதாடிக்கொண்டு முள்ளோடைக்கோ கோரிமேட்டுக்கோ வந்து சேர்வார்கள். அப்படிப்பட்ட வண்டியின் டேங்க் யூனிட்டைக் கழற்றினால் ஓட்டியவரின் சரித்திரமே தெரியும். மிதவையோடு சேர்ந்த சின்னத் தகடு ஒன்று, கம்பி சுற்றிய பட்டையின் மேல் உரசி நகரும். எப்போதும் குறைந்த பெட்ரோலில் ஓடிய வண்டியில் கம்பி அந்த ஓரத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அறுந்தால் முள்ளை நம்ப முடியாது.

முள் எவ்வளவு என்று சொல்லும். விளக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. அமெரிக்காவில் ஹட்சன் கம்பெனி 1930-களில் ஆயிலுக்கும் சார்ஜுக்கும் மீட்டரை எடுத்துவிட்டு சிவப்பு விளக்கு வைத்தது. அங்குள்ளவர்கள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய டைனமோ வண்டியின் சார்ஜிங் விளக்குக்கு ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டிலும் வோல்ட் சமமானால் கரண்ட் ஓட வழியில்லை, அணைந்துவிடும். இதைவிட எளிமையாக யார் செய்ய முடியும்? ஆபத்து வேறு இடத்தில்: சாவியைத் திருப்பும்போதே அது எரியவில்லை என்றால் முதலில் பல்பைப் பாருங்கள்.

இப்போது புதுச்சேரியின் பழைய பி.ஒய். நம்பர் வண்டி வாங்க வருகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். செக் இன்ஜின் விளக்கின் பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் உண்டு. புது வண்டிகளில் 2019 ஜூலை முதல் 80-ஐத் தாண்டினால் பீப் சத்தம், 120-ஐத் தாண்டினால் விடாமல் அலறல். ஈ.சி.ஆரில் சென்னை போகிறவர்கள் அதை நிறுத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். செய்து தருவதில்லை.