பகுதி நேர விரிவுரையாளர்கள் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

நிரந்தரப் பணியிடம் இன்றி, பருவத்துக்குப் பருவம் அமர்த்தப்பட்டு, வகுப்பில் நிற்கும் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கிக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாடம் நடத்துபவர் பகுதி நேர விரிவுரையாளர். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இவருக்குப் பென்ஷாரா சம்பிலான் என்று பெயர். பிரிக்பீல்ட்ஸ், சுபாங் ஜெயா, ஷா ஆலம், புக்கிட் ஜாலில், செத்தாப்பாக் என்று கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது தனியொரு பிழைப்பாகவே ஆகக்கூடியது. கிள்ளானில் குடியிருப்பவர் காலையில் ஷா ஆலமில் ஒரு வகுப்பை முடித்து, கொமியூட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மாலையில் பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு வகுப்பை எடுக்க முடியும். இவர்களுக்கு ஆதரவு என்றதும் பயிற்சிப் பட்டறை, நூலக அட்டை, ஆசிரியர் அறையில் ஒரு மேசை என்றே பேச்சு போகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் எந்த மணி வேலை மணியாகக் கணக்கில் ஏறுகிறது என்பது தீராமல் மற்ற எதுவும் நிலைக்காது.

சட்டத்தில் இவர்கள் அறியப்படாதவர்கள் அல்லர். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டத்தின்படி, தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போதனை அனுமதி வேண்டும். 2007இல் அமைந்த மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏ வகுத்த பாடத்திட்டத் தர விதிகளில், ஒரு படிப்பின் கல்வியாளர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் முழு நேரத்தவராக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மீதி 40 விழுக்காட்டுக்குள்தான் பகுதி நேரத்தவருக்கு இடம். கல்லூரிகள் செலவைச் சுருக்க ஆசிரியர் குழுவையே கூலிக்கணக்குக்கு மாற்றிவிடாமல் தடுப்பதில் இவ்விதி உதவியிருக்கிறது. ஆனால் அது தலைகளை எண்ணும் விதி. அந்த 40 விழுக்காட்டினர் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்பதை அந்த எண் காட்டாது.

இதே நிறுவனம் மாணவர் விஷயத்தில் மணிகளை மிக நுணுக்கமாக எண்ணுகிறது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, பயிற்சி வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் சேரும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. ஆசிரியருக்கு வந்தால் கணக்கு சுருங்கிவிடுகிறது: வாரம் மூன்று மணி வீதம் 14 வாரத்துக்கு 42 மணி. மணிக்கு 80 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் பருவத்துக்கு 3,360 ரிங்கிட். வகுப்பில் 60 பேர். இரண்டு இடுபணி, ஓர் இறுதித் தேர்வு. ஆக 180 தாள், ஒன்றுக்குக் கால் மணி வீதம் 45 மணி. வகுப்பு மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி தயாரிப்பு என்றால் மேலும் 42. மொத்தம் 129 மணி. 80 ரிங்கிட் என்று சொல்லப்பட்டது மணிக்கு 26 ரிங்கிட்டாகிறது. வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு வரும் சந்தேகங்களை இதில் சேர்க்கவில்லை.

இது சம்பளத்தோடு முடியும் குறை அன்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், அதே நிறுவனத்தில் அதே வகை வேலை செய்யும் முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் வேலை செய்ய ஒப்புக்கொண்டவரையே பகுதி நேர ஊழியர் என்கிறது. அப்படிப்பட்டவருக்கு 2010ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி சம்பளத்தோடு பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு உண்டு. முழு நேரத்தவருக்கு வாரம் 40 மணி என்று கொள்வோம். ஒரே கல்லூரியில் நான்கு பாடம் எடுப்பவரின் ஒப்பந்தத்தில் வாரம் 12 மணி இருக்கும். சரியாக 30 விழுக்காடு, வரம்பைத் தாண்டவில்லை. உண்மையில் அவர் உழைப்பதோ, மேற்சொன்ன கணக்கில், வாரம் ஏறத்தாழ 37 மணி, அதாவது 92 விழுக்காடு. காகிதத்தில் பகுதி நேரம்கூட இல்லாதவர் உழைப்பில் முழு நேரத்தவர். ஒரே பாடத்தை நான்கு பிரிவுகளுக்கு நடத்தினால் தயாரிப்பு குறையும் என்பது உண்மை. அப்போதும் தாள்கள் குறையப் போவதில்லை.

இன்னொரு வாசலும் உண்டு. சேவை ஒப்பந்தம் என்பதை விட்டுச் சேவைக்கான ஒப்பந்தம் என்று எழுதிவிட்டால், விரிவுரையாளர் ஊழியர் என்ற வகையிலேயே வரமாட்டார். ஊழியர் சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் முதலாளி பங்கு செலுத்த வேண்டியதில்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்து மூலச் சேவை ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் முதலாளி கட்டுப்படுத்தினால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் ஊழியர் என்றே கொள்ளப்படுவார். அட்டவணை, பாடத்திட்டம், மதிப்பெண் முறை எல்லாம் கல்லூரி வகுப்பதுதான். எய்ம்ஸ் சைபர்ஜெயா என்ற நிறுவனத்தின் வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்ட தவணை ஒப்பந்தத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், இரு தரப்பின் நோக்கத்தையும் முதலாளி நடந்துகொண்ட விதத்தையும் வேலையின் தன்மையையும் பார்த்து அதை நிரந்தர வேலை என்றது. அது கல்லூரி வழக்கு அன்று. ஆனாலும் பருவத்துக்குப் பருவம் பல ஆண்டுகள் அழைக்கப்படும் விரிவுரையாளருக்கு அந்த அளவுகோல் அந்நியமானதல்ல.

எதிர்வாதங்கள் இரண்டைத் தள்ளிவிட முடியாது. முதலாவது, பகுதி நேரத்தவர் பலருக்கு வேறு வேலை உண்டு என்பது. மாலையில் சட்ட வகுப்பு எடுக்கும் வழக்கறிஞருக்குச் சேமநிதி பெரிய பொருட்டல்ல. துறை அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது அரசின் கொள்கையும்கூட. பெருநிறுவனத் தலைவர்களைப் பல்கலைக்கழக வகுப்புக்கு அழைக்கும் சிஇஓ@ஃபேக்கல்டி திட்டம் 2015இல் தொடங்கியது அதற்காகத்தான். ஆனால் பெருநிறுவனத் தலைவரின் சௌகரியத்தை அளவாக வைத்து, நாலு வகுப்பை நம்பி வீட்டு வாடகை கட்டுபவரின் ஒப்பந்தத்தை எழுதுவது எப்படிச் சரியாகும்? உழைத்த மணிக்கெல்லாம் கூலி என்ற விதியால் வழக்கறிஞருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது வாதம் கனமானது: பணம் எங்கிருந்து வரும்? தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தில் ஓடுபவை. சேர்க்கை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். செலவு கூடினால் பிரிவுகளைச் சேர்த்து வகுப்பைப் பெரிதாக்குவார்கள், வேலை சிலருக்குப் போகும். இது நடக்கக்கூடியதே. ஆனால் இன்றும் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. விரிவுரையாளர் அதைச் சுமக்கிறார், அவசரத்தில் திருத்தப்பட்ட தாள் வழியாக மாணவரும் சுமக்கிறார். தாள் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம், கடைசி நேரத்தில் வகுப்பு ரத்தானால் ஒரு பங்கு ஈடு, பருவக் கணக்கை விட்டு ஆண்டு ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சேர்க்கை ஏற்ற இறக்கத்தைக் கல்லூரியும் ஓரளவு பகிர்ந்துகொள்ளும் வழிகள். படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வரும் எம்கியூஏ குழு இவர்களின் ஒப்பந்தங்களைக் கேட்டுப் பார்த்தாலே நிலைமை பாதி மாறும்.

வகுப்புக் கணக்குச் சம்பளத்தை உயர்த்தி அறிவித்தால் மட்டும் போதும் என்பாருக்கு இந்தியா ஒரு பாடம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சிறப்பு விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று அறிவித்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் அந்த 50,000த்துக்காக அதன் பிறகும் போராட வேண்டியிருந்தது.

மலேசியாவில் கூட்டாகக் கேட்கும் வழி இப்போதுதான் சற்றுத் திறந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்து, குறிப்பிட்ட தொழிலுக்கோ துறைக்கோ உள்ளேயே சங்கம் அமைய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. ஆயினும் சங்கத்தை அங்கீகரித்துப் பேச்சுக்கு உட்கார வேண்டியவர் அந்தந்த முதலாளிதான். ஷா ஆலமில் ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, சுபாங்கில் ஒன்று என வகுப்பு எடுப்பவரின் சங்கம் மூன்று மேசைகளிலும் தனித்தனியே அங்கீகாரம் பெற்றாக வேண்டும். அதற்குத் தேவையான பெரும்பான்மை ஆதரவை, பருவம் முடிந்ததும் கலைந்துபோகும் சக ஊழியர்களிடமிருந்து திரட்ட வேண்டும்.