அழிக்கப்பட்ட ஒரு சொல்

1868-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, கியோட்டோ அரண்மனையில் ஐந்து பிரதிக்ஞைகள் வாசிக்கப்பட்டன. சக்கரவர்த்தி மெய்ஜிக்கு அப்போது வயது 15. டோக்குகாவா வம்சத்தாரின் எடோ கோட்டையைத் தாக்க மறுநாள்தான் நாள் குறித்திருந்தார்கள். நாடு யாருக்கு என்பது முடிவாகுமுன்பே, அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள்!

தீய பழவழக்கங்களை விடுவது, உலகெங்கும் அறிவைத் தேடுவது என்பவை அவற்றுள் புகழ்பெற்றவை. என் மனத்தைக் கவர்வதோ முதல் வாக்கியந்தான். யூரி கிமிமாசா எழுதியதைத் திருத்திய ஃபுகுஓகா தகாசிகா, 'பிரபுக்களின் சபை' கூட்டப்படும் என்று அமைத்தார். கிடோ தகாயோஷி 'பிரபுக்கள்' என்பதை நீக்கிச் சபை 'பரவலாக'க் கூட்டப்படும் என்று மாற்றினார். ஒரே ஒரு சொல்!

குடியானவனைச் சபையில் அமர்த்தவே அவர் அப்படிச் செய்தார் என்று நான் வாதாட மாட்டேன். பிரபுக்களை நம்பி வந்தவர்கள் அவர்களிடம் சிக்கிக்கொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான். ஆனால், திறந்த கதவை மூட முடியுமா? 1874-இல் ஒரு விண்ணப்பத்துடன் கிளம்பிய மக்கள் உரிமை இயக்கத்தார் அந்த வாக்கியத்தையே சுட்டிக் காட்டிப் பாராளுமன்றம் கேட்டார்கள். 1890-இல் அது கூடியது. வாக்குரிமை பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவரே.

போரில் தோற்றபின், 1946 ஜனவரி 1-இல், தாம் தெய்வமல்ல என்று உணர்த்திய அறிக்கையின் தொடக்கத்தில் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ இதே பிரதிக்ஞைகளை வைத்தார்.

ஆளுவோர் தம் வசதிக்காக ஒரு சொல்லை மங்கலாக விட்டுவைக்கிறார்கள். அதற்குப் பொருள் சொல்லும் உரிமையை மக்கள் பிறகு எடுத்துக்கொள்கிறார்கள்.