ஸமர்கந்தின் காகிதமும் ஒரு பாடத் திருத்தமும்

இஸ்லாமிய நாகரிகம் கற்பித்த ஆசிரியர்களுள் தலாஸ் போரைச் சொல்லாதவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். கி.பி. 751இல் (ஹிஜ்ரி 133) அப்பாஸியத் தளபதி ஸியாத் பின் ஸாலிஹின் படை, தலாஸ் ஆற்றங்கரையில் சீனப் படையை முறியடித்தது. சிறைப்பட்ட சீனர்களுள் காகிதம் செய்யத் தெரிந்தவர்களும் இருந்தனர். அவர்கள் ஸமர்கந்துக்குக் கொண்டுவரப்பட்டு அத்தொழிலை முஸ்லிம்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். பல ஆண்டுகள் நானும் இதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு போர், ஒரு வெற்றி, ஒரு கண்டுபிடிப்பு. மாணவர்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள். பரீட்சைக்கும் நல்ல விடை.

ஓய்வு பெற்ற பின்னர், இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஸியாரத் செய்யச் சென்ற ஒரு சிறு குழுவோடு உஸ்பெக்கிஸ்தான் போகும் வாய்ப்புக் கிட்டியது. ஸமர்கந்தில் தங்கியிருந்த நாட்களில் ஒரு முற்பகலை, நகருக்குச் சற்று வெளியே ஸியாப் ஆற்றோரம் அமைந்துள்ள கோனிகில் கிராமத்திற்கென ஒதுக்கினோம். காகிதம் கையால் செய்யப்படுவதை அங்கே பார்க்கலாம் என்றார்கள்.

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பெட்டிகளும் ‘தொடாதீர்கள்’ என்ற அறிவித்தலும்தான் எமது நினைவுக்கு வரும். கோனிகில் அதற்கு நேர்மாறானது. அதைப் பட்டறை என்பதா நூதனசாலை என்பதா எனக் கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லவேண்டும். மர நிழல், மண் சுவர், வாய்க்காலில் சுழலும் ஒரு நீர்ச்சில்லு. 1990களின் இறுதியில் மீளத் தொடங்கப்பட்ட முயற்சி இது. ஆனால் இடத்தின் கதை பழையது. உலகின் மிகச் சிறந்த காகிதம் ஸமர்கந்திலிருந்தே வருகிறது என்றும், காகித ஆலைகளுக்கான நீர் முழுவதும் கான்-இ-கில்லிலிருந்து கிடைக்கிறது என்றும் பாபர் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தக் கான்-இ-கில்தான் இன்றைய கோனிகில். பாபரின் காலத்துக்குப் பின்னர் அத்தொழில் அங்கே அற்றுப்போய்விட்டது.

மல்பெரிக் கிளைகளை நீரில் ஊறவைத்துப் பட்டையை உரிக்கிறார்கள். கபில நிற வெளித்தோலைக் கத்தியால் சுரண்டியெடுத்தால் வெளிர் மஞ்சள் நிற உட்பட்டை எஞ்சும். அதைப் பெரிய கொப்பரையில் பல மணி நேரம் அவிக்கிறார்கள். பின்னர் நீர்ச்சில்லு தூக்கித் தூக்கிப் போடும் கனத்த மர உலக்கைகள் அதை இடிக்கின்றன. கிராமத்தில் நெல் குற்றிய ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் அந்நியமாக இராது. இடித்த கூழைத் தண்ணீர்த் தொட்டியில் கலந்து, சல்லடை போன்ற சட்டத்தால் அள்ளுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் நார் ஒரு மெல்லிய படையாகத் தங்குகிறது. அதைத் துணிகளுக்கிடையே அடுக்கிப் பாரமேற்றி, பின் பலகையில் ஒட்டிக் காயவைத்து, இறுதியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்குகிறார்கள்.

நான் கிழக்கு மாகாணத்தவன். 1950களில் தொடங்கப்பட்ட எங்கள் வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தது. புல்லோ வைக்கோலோ பட்டையோ, நார் இருந்தால் காகிதம் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது, அதைக் கையால் செய்வது எப்படி என்பதே.

அன்று சட்டத்தை என் கையிலும் தந்தார்கள். முதல் தடவை கூழெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது. இரண்டாம் தடவை எடுக்கும்போதே கிழிந்தது. தொட்டியருகே நின்ற முதியவர் எனது மணிக்கட்டைப் பிடித்துச் சரிப்படுத்தியபடி ஏதோ சொன்னார். “அவசரப்படாதீங்க ஹாஜி, தண்ணி தன்பாட்டில போகட்டும் என்கிறார்” என்று எமது வழிகாட்டியின் ஆங்கிலத்தை எனக்குத் தமிழாக்கினார் கூட வந்த நண்பர். மூன்றாவது தாளைத்தான் தாள் என்று சொல்ல முடிந்தது. அதுவும் ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்து இருந்தது. “இதற்கு எவ்வளவு காலம் பழகவேண்டும்?” என்று கேட்டேன். முதியவர் சிரித்தாரேயன்றிப் பதில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸில், எனக்குள் ஒரு கேள்வி உறுத்தத் தொடங்கியது. போரில் பிடிபட்ட சில கைதிகள் வந்து கற்றுக்கொடுக்க, ஒரு நகரம் உடனே காகித நகரமாகிவிடுமா? ஊருக்கு வந்து நூல்களைப் புரட்டினேன். நான் கற்பித்த பாடம் திருத்தம் வேண்டி நின்றது.

தலாஸ் கைதிகளின் கதையை எமக்குத் தருபவர் அல்-ஸஆலிபி (இறப்பு 1038). அவர் எழுதியது போருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளின் பின்னராகும். அதே போரில் சிறைப்பட்டு 762இல் சீனா திரும்பிய தூ ஹுவான் என்பவரும் தமது அனுபவத்தை எழுதியிருக்கிறார். எஞ்சியுள்ள பகுதிகளில், அரபு மண்ணில் தாம் கண்ட சீன ஓவியர்களையும் பட்டு நெசவாளர்களையும் பொன், வெள்ளி வேலை செய்வோரையும் குறிப்பிடுகிறார். காகிதத் தொழிலாளர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகள் இதைவிட வலியவை. 1907இல் அவ்ரல் ஸ்டெயின் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு காவற்கோபுர இடிபாட்டில் சொக்திய மொழிக் கடிதங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. கணவனால் கைவிடப்பட்டு அந்நிய ஊரில் தவித்த மீவ்னே என்ற பெண் தன் தாய்க்கும் கணவனுக்கும் எழுதியவையும் அவற்றுள் உண்டு. இன்னொன்று ஸமர்கந்துக்கென முகவரியிடப்பட்ட ஒரு வணிகரின் கடிதம். உரியவர் கைக்குப் போய்ச் சேராத அக்கடிதங்கள் எழுதப்பட்டிருப்பது காகிதத்தில். தலாஸ் போருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்திய காகிதம்! ஸமர்கந்துக்குக் கிழக்கேயுள்ள மூக் மலைக் கோட்டையில் 1930களில் கிடைத்த, எட்டாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியைச் சேர்ந்த ஆவணங்களிலும் தோல், மரக்குச்சிகளோடு காகிதமும் இருந்தது.

ஆக, ஸமர்கந்து மக்கள் காகிதத்தை முதன்முதலில் கண்டது போர்க்களத்தில் அல்ல. வணிகர்களும் பௌத்தத் துறவிகளும் பட்டுப் பாதையில் நடந்து நடந்து கொண்டுவந்த பொருள் அது. ஜொனதன் புளூம் போன்ற ஆய்வாளர்களின் முடிவும் இதுவே. கைதிகளுள் தொழில் தெரிந்தவர் இருந்திருக்கலாம். ஆனால் அவர்களே தொடக்கம் என்பதை ஏற்பது கடினம்.

இதனால் எமது முன்னோரின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது என்பதே என் எண்ணம். பெருமை வேறிடத்தில் இருக்கிறது. சீனர் தூரிகையால் எழுதினர். மையை உறிஞ்சும் மென்மையான தாள் அதற்குப் போதும். முஸ்லிம்கள் எழுதியதோ நாணற் கலத்தால். அந்தக் கூர்முனை மென்தாளில் சிக்கும், மை பரவும். எனவே சேலைக்குக் கஞ்சி போடுவதைப் போலத் தாளுக்கு மாப்பசை பூசி, கல்லால் மினுக்கி, கலம் வழுக்கிச் செல்லும் பரப்பை உண்டாக்கினார்கள். மூலப்பொருளும் மாறியது. குராஸான் காகிதம் ஆளிச் செடியின் நாரால் ஆனது என்று 987இல் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ நூலைத் தொகுத்த இப்னு நதீம் குறிப்பிடுகிறார். கோனிகிலில் நான் கண்ட மல்பெரிப் பட்டை, அரபு நூல்கள் கூறும் முறையைவிடச் சீன முறைக்கே நெருக்கமானது. ஆனால் இறுதியில் கல்லால் மினுக்கும் அந்த வேலை எம்மவர் பேணி வளர்த்தது.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. ஹாரூன் ரஷீதின் காலத்தில் பக்தாத் அலுவலகங்களுக்குக் காகிதம் வந்தது. தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றலாம், காகிதத்தில் அப்படிச் செய்தால் தெரிந்துவிடும் என்று பிற்கால ஆசிரியர்கள் இதற்குக் காரணம் சொல்வர். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் நூற்றுக்கு மேற்பட்ட வர்ராக்குகளின் கடைகள் இருந்ததாக யஃகூபி எழுதுகிறார். காகிதம் விற்பதும் நூல்களைப் பிரதி செய்து விற்பதும் அவர்களின் தொழில்.

எமது வாயில் வழங்கும் சொற்களும் இக்கதையின் ஒரு பகுதிதான். காகிதம் என்ற சொல் பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கும் ‘காகஸ்’, ‘காகித்’ என்பதன் வழி வந்தது. கடைக்காரர் கணக்கிடும் ‘ரீம்’, கட்டு என்று பொருள்படும் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஆனால் இலங்கையில் நாம் அன்றாடம் சொல்லும் கடதாசி போர்த்துக்கேய மொழியின் கொடை. ஒரே பொருளுக்கு இரு பெயர்கள், இரு வழிகள். காகிதம் செய்யும் ஆற்றல் முஸ்லிம் உலகிலிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குக் கைமாறியது. பிறகு அவர்களே எமக்கு விற்கத் தொடங்கினார்கள்.

அந்த மாற்றத்தின் வலியை உணர்த்தும் ஓர் ஆவணம் உண்டு. வட ஆபிரிக்காவின் தில்ம்சான் நகர அறிஞர் இப்னு மர்ஸூக் 1409இல் ஒரு ஃபத்வா வழங்கினார். சிலுவை முதலிய நீர்க்குறிகள் கொண்ட கிறிஸ்தவர்களின் காகிதத்தில் மார்க்க நூல்களை எழுதலாமா என்பதே கேள்வி. எழுதலாம் என்றார் அவர். அதன்மேல் எழுதப்படும் சத்தியம் அக்குறிகளை மறைத்துவிடும் என்பது அவர் கருத்து. தில்ம்சானிலும் ஃபாஸிலும் அந்தலூஸிலும் முன்னர் காகிதம் செய்யப்பட்டதையும் இப்போது செய்யப்படாததையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அறிவுக்குப் பெயர்போன ஒரு சமூகம், எழுதும் தாளுக்கே பிறரை எதிர்பார்த்த நிலை அது.

தலாஸ் கதை எம்மை மகிழ்விக்கிறது. தில்ம்சான் கதையை நாம் பேசுவதில்லை. முதற்கதை, அறிவு வெற்றியோடு கைக்கு வந்து சேரும் என்ற எண்ணத்தைத் தருகிறது. தொட்டியருகே நின்ற முதியவரிடம் நான் கற்றது வேறு. அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொறுமையாகப் போகிறது. இடையில் ஒரு தலைமுறை கையை எடுத்துவிட்டால் அது நின்றுவிடும். கோனிகிலில் நின்றுபோனதை மீட்க நூற்றாண்டுகள் சென்றன.

என்னிடம் படித்தவர்கள் இன்று பலர் ஆசிரியர்கள். தலாஸ் பாடத்தைக் கற்பிக்கும்போது மீவ்னேயின் கடிதங்களையும் இப்னு மர்ஸூக்கின் ஃபத்வாவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் மூதாதையரின் கையெழுத்துக் கிதாப் ஏதும் இருந்தால், கறையான் முந்திக்கொள்ளுமுன் எடுத்து ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு நீர்க்குறி தெரியக்கூடும். அந்தத் தாள் எந்த நாட்டு ஆலையில் பிறந்தது என்பதை அது சொல்லும். அதன்மேல் எழுதிய கை எம்முடையது.