முடி கருகினால் சரி... உருகினால்?

சிதம்பரம் பக்கம் புவனகிரி, பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அசல் பட்டா என்று சந்தேகமா? பட்டுத் தொழிலில் இருப்பவர்கள் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். தலைமுடி கருகிய வாசனை வந்து, சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி, மணியாகக் கெட்டிப்பட்டால்... நைலான் சமாசாரம்!

காரணம் சிம்பிள். பட்டும் நம் தலைமுடியும் புரோட்டீன். கருகுமே தவிர, உருகாது.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பொம்மைகளுக்கு மனித முடியோ, ஆட்டு ரோமமோதான். 1933-ல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் ஆய்வகத்தில் சீசா கழுவிக்கொண்டிருந்த ரால்ஃப் வைலி என்ற கல்லூரி மாணவர், எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு பிசுக்கைப் பார்த்தார். பிற்பாடு அதுவே ‘சரான்’ ஆனது. 1959-ல் வந்த முதல் பார்பியின் கூந்தல் அந்த இழைதான்!

வில்லங்கம் இங்கேதான். பழைய பொம்மைக்குப் புது ஸ்டைல் பண்ணுகிறேன் பேர்வழி என்று ஸ்ட்ரெய்ட்னரை எடுக்கிறோம். அது 200 டிகிரியைத் தொடும். பாலிப்ரொப்பிலீன் முடியோ சுமார் 160-லேயே உருகிவிடும். உருகிய இழை குழந்தையின் விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். கொளுத்திப் பார்க்கும் டெஸ்ட்டும் வேண்டாம். சரான் எரிந்தால் தொண்டையைக் கமறும் ஹைட்ரஜன் குளோரைடு புகை.

அப்ப என்னதான் செய்வது? வெந்நீர்! எவ்வளவு கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. முடியைச் சுருட்டிக் கட்டி, வெந்நீர் ஊற்றி, ஆறவிட்டால் போதும். ஊற்றுவது மட்டும் பெரியவர்கள் வேலை.