கடலோடிகளும் கணினித் திரையும்: டென்மார்க் பள்ளிகளின் வரலாற்றுப் பாடம்

கோபன்ஹேகனின் மேற்குப் புறநகரான புரொண்பி முதல் யூட்லாந்தின் சிற்றூர்கள் வரை, டென்மார்க்கின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து வரலாறு தனிப்பாடமாகிறது. 2009-இல் நடைமுறைக்கு வந்த 29 வரலாற்றுப் பாடத் தலைப்புகளின் பட்டியலில் கொலம்பசும் இருக்கிறார். ஆனால் டேனிஷ் பிள்ளைகள் படிக்க அவர்கள் நாட்டுக் கடலோடிகளுக்கே பஞ்சமில்லை. ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் நீரிணைக்குப் பெயர் தந்த விட்டுஸ் பெரிங், 1681-இல் ஹோர்சன்ஸ் நகரில் பிறந்தவர்.

கடற்பயணப் பாடம் இணையத்தோடு கைகோத்த ஒரு தருணம், மூன்றாம் கலத்தேயா என்ற டேனிஷ் ஆய்வுப் பயணம். 2006 ஆகஸ்டில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கடற்படைக் கப்பல், ஆய்வாளர்களோடு உலகைச் சுற்றி 2007 ஏப்ரலில் திரும்பியது. கப்பல் கடந்த கடல்களின் செயற்கைக்கோள் படங்களும் அவற்றையொட்டிய பாடங்களும் பள்ளிகளுக்காக இணையத்தில் தரப்பட்டன. இதற்கு முந்தைய கலத்தேயா பயணம், 1951-இல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,190 மீட்டர் ஆழத்திலிருந்து உயிரினங்களை மேலே கொண்டுவந்தது.

திரையின் உண்மையான பயன் பழைய ஆவணத்தைக் கிட்டத்தில் பார்க்கும்போதுதான் தெரியும். டென்மார்க்கின் கடலோடி யென்ஸ் முங்க் 1619-இல் இரண்டு கப்பல்களோடு வடமேற்குக் கடல்வழி தேடிப் போனார். ஹட்சன் விரிகுடாவில் குளிர்காலம் அவர்களை மடக்கியது. ஸ்கர்வி நோய் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. அறுபதுக்கும் மேற்பட்டோரில் முங்கோடு சேர்த்து மூவர்தான் பிழைத்தார்கள். அவர் 1624-இல் வெளியிட்ட நூலின் மரச்செதுக்குப் படம் இன்று மின்வடிவில் கிடைக்கிறது. முதலில் கண்ணில் படுவது நங்கூரமிட்ட கப்பல்கள். பெரிதாக்கினால் மரம் வெட்டும் ஆட்கள் தெரிகிறார்கள். இன்னும் பெரிதாக்கினால், இறந்தவர்களைப் புதைக்கிறவர்கள். 'வீரப் பயணம்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்காத துயரத்தை ஒன்பது வயதுக் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும்.

போனவரின் கதையோடு, அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவரின் கதையும் வேண்டும். இதற்குக் கைவசம் இருக்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஐந்தாம் தூலே பயணத்தின் இணைய வரைபடம். 1921 முதல் 1924 வரை வட அமெரிக்க ஆர்க்டிக்கில் நடந்த அந்த ஆய்வுப் பயணத்தின் தலைவர், கிரீன்லாந்தில் பிறந்த கனூட் ராஸ்முசன். நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் அலாஸ்கா வரை அவரோடு சென்றவர்கள் அர்னாருலுங்குவாக் என்ற இனுயிட் பெண்ணும் காவிகார்சுவாக் என்ற இனுயிட் ஆணும். அப்போது சேகரித்த பொருள்கள் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கனடாவின் கேம்பிரிட்ஜ் பே ஊரிலுள்ள இனுயிட் பண்பாட்டு அமைப்பு, அந்த அருங்காட்சியகத்தோடும் ஒரு பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, தங்கள் முன்னோரின் பொருள்களையும் தகவல்களையும் வரைபடத்தில் ஏற்றியிருக்கிறது. சேகரிக்கப்பட்ட பொருள்களுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகளே இங்கே வரலாற்றைச் சொல்கிறார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான பயணம் ஒன்று உண்டு. 1618-இல் ஓவே கெட்டே தலைமையில் புறப்பட்ட டேனிஷ் கப்பல்கள் 1620-இல் இலங்கையை அடைந்தன. அதே ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தமாகி, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ் கடல்கடந்த வணிக நிறுவனங்களின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1845-இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதை ஒப்படைக்கும் வேலையும் முதலாம் கலத்தேயா கப்பலின் பயணத் திட்டத்தில் இருந்தது.

திரைக் கருவிகள் மீது டென்மார்க்கில் இப்போது கேள்விகளும் எழுந்துள்ளன. 2022 ஜூலையில் ஹெல்சிங்கோர் பள்ளிகளில் குரோம்புக் கணினிகளின் பயன்பாட்டைத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. சில வாரங்களில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், பள்ளிகளில் செல்போன் கூடாது என்று அரசு நியமித்த ஆணையம் பரிந்துரைத்தது. கவனத்தைச் சிதறடிக்கும் திரையை ஒதுக்குவது சரிதான். மூல ஆவணத்தைக் காட்டும் திரையையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

டென்மார்க்கின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பாடம் எடுப்பவர்களே, தரங்கம்பாடியின் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பிள்ளைகள் முன் அருகருகே திறந்துவையுங்கள்.