கோப்பி செத்த மலையில்

1840களில் இராமநாதபுரம் கரையில் தோணி ஏறியவர்கள் மன்னாரில் இறங்கியதும் கண்டது தண்ணீரில்லாத முட்காடு. அங்கிருந்து மாத்தளைக்குச் சுமார் 150 மைல் நடை. கங்காணி முன்னால் போக, அவரிடம் முன்பணம் வாங்கிய கூட்டம் மூட்டை முடிச்சோடு பின்னால் போனது. வழியில் இருந்த குளங்கள் பல எப்போதோ உடைந்து தூர்ந்தவை. ஒரு காலத்தில் மாநகரமாயிருந்த அநுராதபுரமே காடு மண்டிக் கிடந்தது. கிடைத்த குட்டைத் தண்ணீரைக் குடித்துக் காலராவில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் மலையேறினார்கள். மேலே அவர்களுக்காகக் காத்திருந்தது கோப்பி. அந்தக் கோப்பிக்கோ ஆயுள் கெட்டியில்லை.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் வந்தவர்கள் கூலியை முடிந்துகொண்டு அதே காட்டுவழியாக ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்தில் மறுபடி நடந்தார்கள். கண்டியில் தொடங்கிய தோட்டங்கள் ஊவாவுக்கும் பரவின. ஹல்துமுல்லை, பெரகல, அப்புத்தளை என்று மலை விளிம்பு நெடுகக் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். பணம் கொட்டியது. 1869இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் ஒரு தோட்டத்துச் செடிகளில் யாரோ இலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

இலையின் அடியில், மஞ்சள் பொடி தூவியதுபோல, செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பூஞ்சை ஆராய்ச்சியில் பேர்பெற்ற பாதிரியார் பெர்க்லி அதே ஆண்டு அதற்குப் பெயரிட்டார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். துரைமாருக்குப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. விளைச்சல் குறையக் குறையச் சந்தையில் விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் காடு வெட்டினார்கள். 1878இல் இலங்கையில் கோப்பி நின்ற நிலம் சுமார் 2,75,000 ஏக்கர். நோய்க்குப் பந்தி விரித்தது அந்தப் பேராசைதான்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இறங்கினார். நோயின் விதைத்தூள் காற்றில் பறந்து போகிறது, மலை மலையாக ஒரே பயிர் நிற்பதால் அதைத் தடுக்க எதுவுமில்லை என்று கண்டுசொன்னார். மருந்து கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை. சிங்கோனா மரத்தை நட்டுக் கொயினாப் பட்டை விற்கலாம் என்று பலர் ஓடினார்கள். எல்லோரும் அதையே நட்டதில் அதன் விலையும் சரிந்தது. 1884 மே மாதம், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது.

தோட்டங்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. துரை பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் புல் ஏறியது. பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை உரித்து, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். அந்த மேசைகளின் மேல் வரப்போவதுதான் இந்த மலைகளைக் காப்பாற்றும் என்பது அப்போது பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர், நோய் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பங்களாத் திண்ணைதான் அவருடைய முதல் தொழிற்சாலை. கொழுந்தை மேசையில் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்திக் கையாலேயே உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் காயவைத்தார்கள். 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 றாத்தல். கோப்பி சாய்ந்தபின் பலரும் அவர் வழியைப் பிடித்தார்கள். விளைந்ததை விற்க ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறினார். தாமஸ் லிப்டன், கிளாஸ்கோ மளிகைக்காரர். 1871இல் ஒரு கடையில் தொடங்கி முந்நூறு கடை வரை வளர்ந்தவர். 1890இல் அந்தப் பயணத்தில் கொழும்பில் இறங்கியவர் அப்புத்தளைக்கு ஏறி, தம்பேதன்னவையும் சுற்றியிருந்த வேறு தோட்டங்களையும் வாங்கிப்போட்டார். இடைத்தரகர் இல்லாமல் தேயிலையை நேரே தம் கடைக்குக் கொண்டுபோவது அவர் கணக்கு. மலைகளுக்குக் குறுக்கே கம்பி கட்டிக் கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்கு இறக்கினார். 1893இல் ரயிலும் அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் உண்மையான திருப்பம் நடந்தது கடையின் கல்லாவுக்கு முன்னால்.

அதுவரை தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத்தான் விற்கப்பட்டது. கலப்படமும் எடைக் குறைவும் சகஜம். முத்திரையிட்ட பொட்டலத்தை ஹார்னிமன் என்பவர் 1826லேயே கொண்டுவந்திருந்தாலும், ஏழை வீடுவரை அதைக் கொண்டுசேர்த்தவர் லிப்டன். ஒரு றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தல் என்று கட்டி, மற்றவர்கள் மூன்று ஷில்லிங் கேட்ட தேயிலையை ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸுக்குக் கொடுத்தார். இன்று பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் தேயிலைப் பாக்கெட்டு இப்படித்தான் உலகச் சரக்காகப் புறப்பட்டது.

பொட்டலத்தின்மேல் தலையில் கூடை சுமந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் படம் வந்தது. மலையில் கூடை முதுகில் தொங்கும்; கயிறுதான் தலையில். படம் வரைந்தவர் மலையைப் பார்த்திராதவராக இருக்க வேண்டும். அவளை அங்கே நிரந்தரமாக இருத்தியதும் தேயிலைதான். கோப்பி போல் அல்லாமல் ஆண்டு முழுதும் சில நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். ஊர் திரும்பும் பருவம் என்று ஒன்று இல்லாமல் போனது. குடும்பம் குடும்பமாக லயத்திலேயே தங்கினார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, மழையை மேற்கில் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும்போது, அந்தக் காற்றில் நின்று பறித்தவர்கள் அவர்கள்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் சாலையில், கொஸ்லாந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான சரிவு என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போக வேறு காணி அவர்களுக்கு இல்லை. குடியிருக்கும் இடத்துக்குக் காணி உறுதி கேட்டு மலையகத் தமிழர் இன்றும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.