மெண்டல் விதைத்த பிழைகள்

மரபியலுக்கு அடித்தளமிட்ட துறவி மெண்டல் விதைத்த பட்டாணியில் ஒரு விதைகூட நம் கைக்கு வரவில்லை. 1884இல் அவர் மறைந்தபின் அவருடைய குறிப்பேடுகளையும் மடத்திலேயே எரித்துவிட்டார்கள். பட்டாணி பற்றி மிஞ்சிய முக்கிய சாட்சியம், 1866இல் புருன் நகர இயற்கை ஆய்வுக் கழகம் அச்சிட்ட கட்டுரைதான். அதை வைத்துக்கொண்டு, அவர் வளர்த்த செடிகளின் டி.என்.ஏ.வில் எந்த எழுத்து பிசகியிருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? அந்தக் கட்டுரையையும் 1990 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகளையும் அருகருகே விரித்து வைத்து நான் தேடியது இதைத்தான்.

விதை வணிகர்களிடம் 34 ரகங்கள் வாங்கி, இரண்டு ஆண்டுகள் சோதித்து, 22 ரகங்களைத் தேர்ந்ததாக எழுதுகிறார் மெண்டல். அவை கடையில் என்ன பெயரில் விற்றன என்று சொல்லவில்லை. தேடுபவனுக்கு இது பேரிழப்பு. ஆனாலும் சில அடையாளங்களை விட்டுச் சென்றிருக்கிறார். சுருங்கிய விதை 'பைசம் குவாட்ரேட்டம்' வகையில் உள்ளது என்கிறார். உயரச் செடி 6 முதல் 7 அடி, குள்ளச் செடி முக்கால் முதல் ஒன்றரை அடி என்று அளவு தருகிறார்.

முதலில் துலங்கியது சுருங்கிய விதை. 1990இல் இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் நிலையத்தார், மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று புகுந்திருப்பதைக் கண்டார்கள். மக்காச்சோளத்தின் தாவும் மரபணுக்களுக்கு உறவான துண்டு அது. நொதி கெட்டதால் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை மிகுந்த விதை தண்ணீரை அதிகம் இழுத்து உப்புகிறது. காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. கடையில் உறையவைத்து விற்கும் இனிப்புப் பச்சைப் பட்டாணி இந்த வகைதான். மெண்டல் காலத்தில் கிடைத்ததாகப் பதிவில் உள்ள சுருங்கல் வகை இது ஒன்றே என்பதால், அவர் கையில் இருந்ததும் இதுவே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எனக்கும் அதில் ஐயமில்லை.

குள்ளத்தின் காரணம் 1997இல் தெரிந்தது. செடியை நெட்டையாக்கும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவரும் நொதியின் மரபணுவில் ஒரே ஒரு 'ஜி' எழுத்து 'ஏ' ஆகியிருந்தது. அதனால் புரதத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின் வந்து உட்கார்ந்தது. 2010இல் வெள்ளைப் பூவின் மரபணுவைப் பிடித்தபோது அங்கும் ஒரு 'ஜி', 'ஏ' ஆகியிருந்தது. இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் இது தாவரங்களில் அடிக்கடி விழும் தடம். மெத்தில் ஒட்டிய 'சி' தன் அமினோ பகுதியை இழந்தால் 'டி' ஆகிவிடும்; எதிர் இழையில் அதே மாற்றம் 'ஜி' 'ஏ' ஆனதாகப் படியும். அராபிடாப்சிஸ் செடியின் ஐந்து வரிசைகளை ஆய்வகத்தில் 30 தலைமுறை வளர்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில் 99 ஒற்றை எழுத்து மாற்றங்கள் கிடைத்தன. அவற்றில் ஓங்கி நின்றது இந்த வகையே. மெண்டலின் இரண்டு பண்புகளும் மெத்திலால்தான் வந்தன என்று நான் சாதிக்க மாட்டேன். தடம் அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவே.

பச்சையாகவே நிற்கும் பருப்பின் மரபணு 2007இல் தெரிந்தது. பச்சையத்தைச் சிதைக்கும் வேலை அங்கே நின்றுபோயிருக்கிறது. மெண்டல் ஆராய்ந்த ஏழு பண்புகளில் எஞ்சிய மூன்றுக்காக 697 பட்டாணி வகைகளின் மரபுத்தொகுதியைப் படித்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. மஞ்சள் காய்க்குக் காரணம், பச்சையம் செய்யும் மரபணுவுக்கு அருகே சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் அப்படியே காணாமல் போனது. பூக்கள் தண்டின் நுனியில் குவிவதற்குக் காரணம் ஐந்தே எழுத்துகள் விடுபட்டது. தாவும் துண்டு, ஒற்றை எழுத்து, சிறு இழப்பு, பேரிழப்பு என்று டி.என்.ஏ. பழுதாகும் வழிகள் பலவும் அந்தச் சிறு மடத் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன.

முடியாத வழக்கு காயின் வடிவம். விதைகளுக்கிடையே இறுகிச் சுருங்கும் காயை 'பி', 'வி' என்ற இரண்டு மரபணுக்களில் எது கெட்டாலும் பெறலாம். மெண்டலிடம் இருந்தது எது? 'வி' உயரத்தின் மரபணுவோடு ஒரே குரோமோசோமில், அருகிலேயே இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துக் கலந்து எண்ணியிருந்தால் அவை பெரும்பாலும் சேர்ந்தே போவதைக் கண்டிருப்பார். அப்படி எதையும் அவர் எழுதவில்லை. ஆகவே அவரிடம் 'பி' இருந்திருக்கலாம், அல்லது அந்தக் கலப்பின் எண்ணிக்கையை அவர் ஆராயாமல் விட்டிருக்கலாம். ரகத்தின் பெயர் ஒன்று கிடைத்திருந்தால் இது எப்போதோ தீர்ந்திருக்கும்.

நாட்டு விதைகளைச் சேர்த்து வைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.